முயலகனும் கடற்குதிரையும்: வலிப்பு நோய், நினைவு, மூளைப்படங்கள்

ஒரு நோய்க்கு ஒரு மொழி இட்ட பெயரைப் பார்த்தாலே, அம்மொழி பேசியோர் அந்நோயில் எதைக் கண்டு அஞ்சினர் என்பது விளங்கிவிடும். கால்-கை வலிப்பு, காக்காய் வலிப்பு என்னும் நம் வழக்குச் சொற்கள் உடல் இழுபடும் காட்சியைச் சுட்டுகின்றன. கிரேக்க வழிவந்த எபிலெப்சி என்னும் சொல்லுக்குப் பிறிதொன்றால் பற்றிப் பிடிக்கப்படுதல் என்பது பொருள். வடமொழி இந்நோய்க்கு இட்ட பெயர் அபஸ்மாரம். ஸ்மிருதி, ஸ்மரணை ஆகிய சொற்களுக்கு உரிய வேரே இதற்கும் வேர். நினைவு அகன்று போதல் என்பது இதன் நேர்பொருள். சரகரின் நூலும் நினைவும் அறிவும் மனமும் நிலைகுலைவதையே இந்நோயின் இலக்கணமாக வகுக்கிறது. கை கால் இழுப்பதற்கு அப்பால், நினைவின் இழப்பில் இந்நோயின் மையத்தைக் கண்ட பெயர் இது.

தமிழில் இதற்கு இன்னொரு பெயரும் உண்டு: முயலகன். நடராசர் திருவடியின் கீழ்க் கிடக்கும் முயலகனை நாம் அறிவோம். அதே பெயர் ஒரு நோய்க்கும் வழங்கியதைப் பெரியபுராணம் காட்டுகிறது. கொல்லி மழவன் மகளுக்கு உற்ற முயலகன் என்னும் நோயைத் திருப்பாச்சிலாச்சிராமத்தில் பதிகம் பாடித் திருஞானசம்பந்தர் தீர்த்தார் என்பது சேக்கிழார் தரும் வரலாறு. திருச்சிக்கு அருகே இன்று திருவாசி என வழங்கும் அவ்வூரில், நடராசர் திருவடியின் கீழ் முயலகன் இல்லை, பாம்பே உள்ளது என்று தலமரபு கூறும்.

வலிப்பையும் நினைவையும் இணைத்துப் பார்த்த இந்தப் பழைய உள்ளுணர்வை நவீன மருத்துவம் நெடுநாள் கழித்தே எட்டியது. எட்டிய வழியும் எளிதன்று. நினைவு மூளையில் எங்கு, எவ்வாறு உருவாகிறது என்பதைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்தவற்றுள் பெரும்பகுதி வலிப்பு நோயாளரிடமிருந்தே பெறப்பட்டது. அவர்களுள் சிலர் அதற்கு ஈடாகத் தம் நினைவையே இழந்தனர். உயிருள்ளவரின் மூளையை ஊறின்றிக் காட்டும் கருவிகள் அந்த இழப்பு நேர்ந்த பின்னரே வந்தன. அந்த வரலாற்றையே இக்கட்டுரையில் காண முற்படுகிறோம்.

மருத்துவரே நோயாளியானபோது

பத்தொன்பதாம் நூற்றாண்டு இலண்டனில் ஜான் ஹ்யூலிங்ஸ் ஜாக்சன் என்னும் நரம்பியலாளர் வாழ்ந்தார். மூளையின் சாம்பல்நிறப் பகுதியில் திடீரென, அளவு மீறி, விரைவாக நிகழும் ஆற்றல் வெளிப்பாடே வலிப்பு என்று 1873இல் அவர் வரையறுத்தார். பேய், பிசாசு, சாபம் ஆகியவற்றிடமிருந்து இந்நோயை மீட்டெடுத்த சொற்கள் அவை எனலாம். உடல் இழுப்பே இல்லாத வலிப்பும் உண்டென அவர் கண்டார். நோயாளி சில கணங்கள் ஒரு கனவு நிலைக்குள் நழுவுவார். முன்பே நிகழ்ந்தது மீண்டும் நிகழ்வது போன்ற உணர்வு அவருக்குத் தோன்றும். சிலர் உதடுகளைச் சுவைப்பது போல் அசைப்பார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அவர் விழித்திருப்பவராகவே தெரிவார்.

ஜாக்சன் 1888இல் வெளியிட்ட கட்டுரையில் 'இசட்' என்ற எழுத்தால் சுட்டப்பட்ட ஒருவர் வருகிறார். அவரும் ஒரு மருத்துவரே. மூச்சுக் கோளாறுடன் வந்த ஒரு நோயாளியைச் சோதிக்கும் வேளையில், தமக்கு வலிப்பு வருவதை அவர் உணர்ந்தார். அடுத்து அவருக்கு நினைவிருப்பது, அதே அறையில் எழுதுமேசை முன் தாம் அமர்ந்திருப்பதே. நோயாளியைக் காணவில்லை. விசாரித்தபோது, அவரைச் சோதித்து, இடப்பக்க நுரையீரலின் அடிப்பகுதியில் நிமோனியா எனக் குறிப்பெழுதி, படுக்கைக்கு அனுப்பியவர் தாமே என்று தெரியவந்தது. ஐயுற்று மீண்டும் போய்ச் சோதித்தார். குறிப்பு சரியாகவே இருந்தது. கற்ற கல்வியும் கைத்திறனும் பிழையின்றி இயங்கியிருக்க, அவ்வேளையின் நினைவு மட்டும் எங்கும் பதியாமல் போயிற்று.

இசட் 1894இல் இறந்தார். அவரது மூளையை ஆராய்ந்தபோது, இடப்பக்கப் பொட்டுமடலின் உட்புறத்தில் மிகச் சிறியதொரு சிதைவு காணப்பட்டது. நெற்றிப்பொட்டுக்கு நேர் உள்ளே அமைந்த மூளைப் பகுதியையே பொட்டுமடல் என்கிறோம். ஜாக்சனும் கோல்மன் என்பாரும் 1898இல் அதை வெளியிட்டனர். இசட் என்பவர் ஆர்தர் தாமஸ் மயர்ஸ் என்று 1980இல்தான் அடையாளம் காணப்பட்டது. ஒரு வலிப்பின் இருப்பிடத்தைக் கண்ணால் காண, அந்நாளில் அந்த மனிதர் இறக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வலிப்பு நோயால் நினைவு தேய்வதை இலக்கிய உலகமும் அறிந்திருந்தது. தாமே வலிப்பு நோயாளியான தஸ்தயெவ்ஸ்கி, தம் நினைவாற்றல் குன்றுவதைக் குறித்துப் பலமுறை வருந்தியவர். 'அசடன்' நாவலின் மிஷ்கினுக்கு அவர் அளித்தது தம் நோயையே.

கேட்க முடிந்தது, காண முடியவில்லை

காணும் முயற்சிகள் மெல்லவே முன்னேறின. எக்ஸ் கதிர் மண்டையோட்டைக் காட்டியது, உள்ளிருக்கும் மென்மையான மூளையைக் காட்டவில்லை. அமெரிக்க அறுவை மருத்துவர் வால்டர் டாண்டி, மூளையின் உட்குழிகளில் காற்றைச் செலுத்தி எக்ஸ் கதிர்ப் படம் எடுக்கும் முறையை 1918, 1919 ஆண்டுகளில் அறிமுகம் செய்தார். காற்று நிரம்பிய குழிகளின் வடிவம் மாறியிருப்பதைக் கொண்டு மூளையின் நிலையை ஊகிக்கலாம். கடுந்தலைவலியும் வாந்தியும் தரும் சோதனை அது. ஆயினும் அரை நூற்றாண்டுக் காலம் மருத்துவர்களுக்கு அதுவே கண்ணாக இருந்தது.

ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் 1924இல் மனித மூளையின் மின்னலைகளைத் தலையின் மேலிருந்தே பதிவு செய்தார். அதனை 1929இல் வெளியிட்டார். இன்று நாம் இ.இ.ஜி. என்று சொல்வது அதுவே. வலிப்பு நோயாளரின் மின்னலைகளில் தனித்த வடிவங்கள் உண்டென 1930களின் நடுவில் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினர். புயல் எத்திசையிலிருந்து எழுகிறது என்பதை இவ்வாறு ஓரளவு கேட்க முடிந்தது. புயலின் பிறப்பிடத்தில் திசு எந்நிலையில் இருக்கிறது என்பது தெரியவில்லை. நம் கதையின் துயரமெல்லாம் இந்த இடைவெளியில்தான் நிகழ்ந்தது.

மான்ட்ரியால்: விழித்திருந்தோரின் மூளை

கனடாவின் மான்ட்ரியால் நரம்பியல் நிறுவனத்தை 1934இல் தொடங்கியவர் வைல்டர் பென்ஃபீல்டு. மருந்துகளுக்கு அடங்காத வலிப்புக்கு, வலிப்பு எழும் பகுதியை அகற்றுவது அவர் கைக்கொண்ட முறை. எந்தப் பகுதியை அகற்றலாம், எதைத் தொடலாகாது என்று அறிய, நோயாளி விழித்திருக்கும்போதே மூளையின் மேற்பரப்பை மெல்லிய மின்னோட்டத்தால் தூண்டினார். மூளைக்கு வலியுணர்வு இல்லை. எனவே தலையின் தோலை மட்டும் மரக்கச் செய்தால் போதும். தூண்டிய இடத்தில் எண்ணிட்ட சிறு காகிதத் துண்டை வைத்து, நோயாளி சொல்வதை எழுதிக்கொண்டனர். விரல் அசைந்தது, நாக்கு மரத்தது, பேச்சு நின்றது. இவ்வாறு மூளையின் நிலப்படம் உருவாயிற்று.

பொட்டுமடலைத் தூண்டியபோது சிலர் வேறு வகையாகப் பேசினர். பழகிய இசை கேட்பதாக ஒருவர் சொன்னார். முற்றத்தில் விளையாடும் தன் மகனின் குரல் கேட்கிறதென்றார் ஒரு தாய். வாழ்ந்த வாழ்க்கை முழுவதும் மூளையில் ஒலிநாடாவைப் போல் பதிவாகியிருக்கிறது என்ற எண்ணம் இதிலிருந்தே பரவியது. இன்றும் மேடைகளில் இதை மெய்ம்மையாகச் சொல்வோர் உளர். பென்ஃபீல்டும் பெரோவும் 1963இல் தந்த கணக்கைப் பார்த்தால் தெளிவு பிறக்கும். பொட்டுமடல் தூண்டப்பட்ட 520 பேரில் 40 பேருக்கே இத்தகைய அனுபவம் நேர்ந்தது. அவற்றுள்ளும் பல, நிகழ்ந்தவற்றின் மறுபதிவைவிடக் கனவுத் துணுக்குகளையே ஒத்திருந்தன. நினைவு ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டப்படுவது என்பதே பிற்காலத்து ஆய்வுகள் காட்டும் கருத்து.

பென்ஃபீல்டின் நோயாளருள் பெரும்பாலோர் ஒரு பக்கப் பொட்டுமடலின் பகுதியை இழந்தும் நினைவுடன் வாழ்ந்தனர். இருவர் மட்டும் விதிவிலக்காயினர். ஒருவர் பி.பி. என்று குறிக்கப்பட்ட பொறியாளர், மற்றவர் எஃப்.சி. இடப்பக்க அறுவைக்குப் பின், அன்றாட நிகழ்ச்சிகள் எவையும் அவர்களிடம் தங்கவில்லை. டொனால்டு ஹெப்பின் மாணவியும் உளவியலாளருமான பிரெண்டா மில்னர் அவர்களைச் சோதித்தார். மற்றொரு பக்கத்து ஹிப்போகேம்பஸ் முன்பே பழுதுற்றிருக்க வேண்டும், நல்ல நிலையில் இருந்த ஒரே பக்கத்தையும் அறியாமல் அகற்றிவிட்டோம் என்று அவரும் பென்ஃபீல்டும் ஊகித்தனர். அது அன்று மெய்ப்பிக்க இயலாத ஊகம்.

ஹிப்போகேம்பஸ் என்னும் உறுப்பைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். பொட்டுமடலின் உட்புறத்தில், இரு பக்கத்தும் ஒவ்வொன்றாக வளைந்து கிடக்கும் சிறு பகுதி அது. இத்தாலிய உடற்கூற்றாளர் அரான்சி 1587இல் அதன் வடிவத்தைக் கண்டு கடற்குதிரையின் கிரேக்கப் பெயரை அதற்கு இட்டார். அதன் பணி என்ன என்பது ஏறத்தாழ 370 ஆண்டுகள் தெளிவாகாமலே இருந்தது.

மான்ட்ரியாலுக்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. பென்ஃபீல்டிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி 1949இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தோற்றுவித்தார். வலிப்பு நோய்க்கான அறுவை சிகிச்சையும் 1952இல் அங்கேயே நம் நாட்டில் தொடங்கியது.

ஹார்ட்ஃபோர்டு: ஒரு மனிதர், இரண்டு எழுத்துகள்

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் 1926இல் பிறந்தவர் ஹென்றி மொலேசன். பத்து வயதளவில் சிறு வலிப்புகளும் பதினைந்தாம் பிறந்தநாளில் பெரும் வலிப்பும் வந்தன. இருபத்தேழாம் வயதில், அதிக அளவு மருந்தும் பயன் தராமல், வேலைக்குப் போக இயலாத நிலையை எய்தினார். ஹார்ட்ஃபோர்டு நகர மருத்துவர் வில்லியம் ஸ்கோவில் 1953இல் அவருக்கு ஓர் அறுவையைச் செய்தார். வலிப்பு எந்தப் பக்கத்தில் எழுகிறதென இ.இ.ஜி. தெளிவாகக் காட்டவில்லை. ஸ்கோவில் இரு பக்கத்துப் பொட்டுமடல்களின் உட்பகுதிகளையும் அகற்றினார். இரண்டு கடற்குதிரைகளும் ஏறத்தாழ ஒரே நாளில் போயின.

வலிப்புகள் வெகுவாகக் குறைந்தன. அறிவுத்திறனும் குறையவில்லை. 1955 ஏப்ரலில் மில்னர் சோதித்தபோது அவரது நுண்ணறிவு ஈவு 112. ஆனால் அன்று என்ன மாதம் என்று கேட்டதற்கு 1953 மார்ச் என்றார். வயது கேட்டால் 27 என்றார். சற்று முன்பு தம்மிடம் பேசிவிட்டுச் சென்ற மருத்துவரைச் சந்தித்ததே அவருக்கு நினைவில்லை. ஸ்கோவிலும் மில்னரும் 1957இல் வெளியிட்ட கட்டுரை நரம்பியலில் ஒரு திருப்புமுனை ஆயிற்று. அக்கட்டுரை ஓர் எச்சரிக்கையாகவும் அமைந்தது. இருபுறமும் அகற்றும் இவ்வறுவை வேண்டாமென்று ஸ்கோவிலே பிறரிடம் வலியுறுத்தினார். அதன்பின் 2008 டிசம்பரில் தம் 82ஆம் வயதில் இறக்கும்வரை, மொலேசனை உலகம் எச்.எம். என்னும் இரண்டு எழுத்துகளாகவே அறிந்திருந்தது.

மில்னரின் சோதனைகளுள் இரண்டை இங்குக் குறிப்பிடுவோம். 584 என்ற எண்ணைச் சொல்லி நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். கால்மணி நேரம் கழித்து மொலேசன் அதைச் சரியாகச் சொன்னார். எப்படி என்று வினவியபோது, எட்டை நினைவில் வைத்துக்கொண்டதாகவும், மூன்று எண்களின் கூட்டுத்தொகை 17 என்பதால் எட்டைக் கழித்தால் ஒன்பது, ஒன்பதைப் பிரித்தால் ஐந்தும் நான்கும் என்றும் விளக்கினார். இடைவிடாமல் மனத்தில் உருட்டிக்கொண்டிருக்கும்வரை எண் தங்கியது. கவனம் திரும்பிய அடுத்த நிமிடம் எண் போனது, எண்ணைக் கேட்டார்கள் என்பதும் போனது.

மற்றொன்று, கண்ணாடியில் பிம்பத்தைப் பார்த்தபடியே ஒரு விண்மீன் வடிவத்தின் இரு கோடுகளுக்கு இடையே வரைவது. கை எதிர்த்திசையில் போகும், ஆதலின் யாவர்க்கும் தொடக்கத்தில் தடுமாற்றமே. மொலேசன் மூன்று நாட்களில் தேர்ச்சி பெற்றார். ஒவ்வொரு நாளும் அதற்கு முன் அதைச் செய்ததாக அவருக்கு நினைவே இல்லை. நிகழ்ச்சிகளின் நினைவு வேறு, கைப்பழக்கத்தின் நினைவு வேறு என்பதும், அவை மூளையின் வெவ்வேறு பகுதிகளைச் சார்ந்தவை என்பதும் இதனால் நிறுவப்பட்டன. இசட் என்னும் மருத்துவர் நினைவற்ற நிலையில் சரியான குறிப்பை எழுதியதன் புதிரும் இங்குப் பெரிதும் அவிழ்கிறது.

மாமா இறந்த செய்தியைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் மொலேசன் புதிதாகத் துயருற்றார் என்று மில்னர் பதிவு செய்திருக்கிறார். துயரம் ஆறுவதற்கும் நினைவு வேண்டும் போலும். மறதியை ஒரு வரம் என்று கவிஞர்கள் பாடுவதுண்டு. மொலேசனின் மறதி அவருக்கு எந்த ஆறுதலையும் தரவில்லை. இழப்பை அது பழையதாக விடவேயில்லை.

காணும் கருவிகள் வந்தன

பி.பி. 1964இல் இறந்தார். அவரது மூளையைச் சோதித்தபோது, அறுவை செய்யப்படாத வலப்பக்க ஹிப்போகேம்பஸ் நெடுங்காலத்துக்கு முன்பே சுருங்கிக் கிடந்தது தெரிந்தது. மில்னரும் பென்ஃபீல்டும் கொண்ட ஊகம் சரியே. அது அறுவைக்கு முன்பே தெரிந்திருந்தால் அப்பொறியாளர் தம் நினைவை இழந்திருக்க மாட்டார்.

இந்த அச்சத்துக்கு முதலில் கிடைத்த காப்பு ஒரு சோதனையே, படம் அன்று. ஜப்பானிய மருத்துவர் ஜூன் வாடா வகுத்த முறை அது. கழுத்துத் தமனி வழியாக மயக்க மருந்தைச் செலுத்தி, மூளையின் ஒரு பாதியைச் சில நிமிடம் உறங்கச் செய்வர். விழித்திருக்கும் மறுபாதி பேசுகிறதா என்று பார்ப்பர். 1960களின் தொடக்கத்தில் மில்னரும் உடனாய்வாளர்களும் இதனுடன் நினைவுச் சோதனையையும் சேர்த்தனர். அகற்றப்படவிருக்கும் பக்கம் உறங்கும்போது மறுபக்கம் தனியே நினைவைத் தாங்குமா என்பதே கேள்வி. தாங்காதெனில் அறுவை இல்லை. பி.பி.யும் எஃப்.சி.யும் அறியாமல் விட்டுச்சென்ற காவல் இது.

பின்னர் படங்கள் வந்தன. காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. கருவி 1971 அக்டோபரில் இலண்டனில் முதல் நோயாளியின் மூளையைப் படமெடுத்தது. பால் லாட்டர்பர் 1973இல் காந்தப் புலத்தைக் கொண்டு படமெடுக்கும் வழியைக் காட்டினார். உடலின் நீரிலுள்ள ஹைட்ரஜன் கருக்கள் வலிய காந்தப் புலத்தில் தரும் சமிக்ஞையைப் படமாக மாற்றுவதே எம்.ஆர்.ஐ. ஹிப்போகேம்பஸ் சுருங்கித் தழும்பேறிய நிலையை எம்.ஆர்.ஐ. நம்பத்தக்க வகையில் காட்டும் என்பது 1990 அளவில் நிறுவப்பட்டது. ஜாக்சன் மரணம்வரை காத்திருந்து கண்டதை, இன்று நோயாளி எழுந்து வீட்டுக்குப் போவதற்கு முன்பே காணலாம்.

அதே 1990இல் செய்ஜி ஒகாவா வேறொன்றைக் கண்டறிந்தார். ஆக்சிஜனை இழந்த குருதி காந்தப் புலத்தைச் சற்றே குலைக்கும். மூளையின் ஒரு பகுதி வேலை செய்யும்போது அங்கு ஆக்சிஜன் நிறைந்த குருதி மிகுதியாகப் பாய்கிறது. இந்த நுண்ணிய வேறுபாட்டைப் படமாக்குவதே செயற்பாட்டு எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுத்திருப்பவருக்குச் சொற்களையும் படங்களையும் முகங்களையும் காட்டிப் பின்னர் எவை நினைவிருக்கின்றன என்று கேட்பர். நினைவில் நின்றவற்றைப் பார்த்த கணங்களில் எப்பகுதி மிகுதியாக இயங்கியது என்று ஒப்பிடுவர். பொதுவாக, சொற்களின் நினைவு இடப்பக்கத்தையும் முகங்கள், வடிவங்களின் நினைவு வலப்பக்கத்தையும் கூடுதலாகச் சார்ந்திருக்கும். சிறு வயதிலேயே இடப்பக்கத்தில் வலிப்பு தொடங்கியவர் சிலருக்கு மொழியே வலப்பக்கத்துக்குக் குடிபெயர்ந்திருப்பதையும் இப்படங்கள் காட்டின.

இதில் முதற்பார்வைக்கு முரணாகத் தோன்றும் உண்மை ஒன்றுண்டு. அகற்றப்படும் ஹிப்போகேம்பஸ் சுருங்கிப் பழுதுற்றிருந்தால், அறுவைக்குப் பின் நினைவிழப்பு குறைவு. படத்தில் அது செம்மையாகத் தோன்றினால், செயற்பாட்டுச் சோதனையில் உயிர்ப்புடன் ஒளிர்ந்தால், இழப்பு மிகுதி. பழுதுற்ற பகுதி தன் வேலையை முன்பே பிறரிடம் ஒப்படைத்துவிட்டது, நல்ல பகுதியோ இன்னும் உழைத்துக்கொண்டிருக்கிறது என்பதே காரணம். ஆகவே தெளிவான படத்தைக் கண்டு மகிழும் வழக்கம் இங்குத் தலைகீழாகிறது.

அறுவையால் பயன் இல்லை என்று எவரும் இதிலிருந்து கொள்ளலாகாது. கனடாவில் 80 நோயாளரை இரு பிரிவாக்கி நடத்தி 2001இல் வெளியான ஆய்வில், பொட்டுமடல் அறுவைக்கு ஒதுக்கப்பட்டோருள் 58 விழுக்காட்டினர் ஓராண்டின் முடிவில் உணர்வைக் குலைக்கும் வலிப்பின்றி இருந்தனர். மருந்து மட்டும் பெற்றோருள் அது 8 விழுக்காடே. ஓயாத வலிப்பும் நினைவை அரிக்கவல்லது, சில வேளை உயிரையே கொள்வது. எனவே நோயாளி இரு இழப்புகளுக்கு இடையே தேர்ந்தெடுக்க வேண்டியவராகிறார். மொலேசனுக்கு அத்தேர்வை எடைபோடத் தேவையான அறிவு எவரிடமும் இருக்கவில்லை. இன்றைய படங்கள் அவ்வறிவை ஓரளவு நோயாளியின் கையில் தருகின்றன. சொற்களை வைத்துப் பிழைக்கும் ஆசிரியரோ வழக்கறிஞரோ இடப்பக்க அறுவைக்கு உடன்படுமுன் எதை இழக்கக்கூடும் என்று கேட்க முடியும். அக்கேள்விக்கு ஒரு விடையும் கிடைக்கும்.

படம் தானே பேசுவதில்லை

ஆயினும் மூளைப்படங்களை வேதவாக்காகக் கொள்வதற்கில்லை. செய்தித்தாள்களில் வரும் சிவப்பும் மஞ்சளும் மூளையின் நிறங்கள் அல்ல. கணக்கீட்டில் ஒரு வரம்பைத் தாண்டிய புள்ளிகளுக்குக் கணினி பூசும் வண்ணமே அவை. ஒரு பகுதி ஒளிர்வது அது அச்செயலில் பங்கு கொள்கிறது என்றே சொல்லும். அது இல்லாவிடில் அச்செயல் நின்றுவிடும் என்று சொல்லாது. ஓர் உரையாசிரியர் மூலபாடத்தைப் படிப்பது போலப் படமும் படிக்கப்பட வேண்டியது. பாடத்தில் இல்லாததை உரை ஏற்றிவிடவும் கூடும்.

இதற்குத் தமிழகத்திலேயே ஒரு சான்று உண்டு. சி.டி. கருவி வந்தபின், இந்திய வலிப்பு நோயாளர் பலரின் மூளையில் சிறு வட்டமான ஒற்றைப் புண் ஒன்று தெரிந்தது. காசநோய் மிகுந்த நாடு ஆதலின் அது காசநோய்க் கட்டி என்றே பலரும் கருதி, அதற்குரிய மருந்துகளை மாதக்கணக்கில் கொடுத்தனர். வேலூர் மருத்துவர்கள் அத்தகைய புண்களை எடுத்து ஆராய்ந்து, அவற்றுள் பெரும்பாலானவை நாடாப்புழுவின் இளம்பருவம் மூளையில் தங்கியதால் வந்தவை என்று 1989இல் அறிவித்தனர். பல புண்கள் காலப்போக்கில் தாமே மறைபவை. படம் மாறவில்லை, அதைப் படித்த முறை மாறியது.

மொலேசனின் வரலாறும் ஒரு படத்தால் திருத்தப்பட்டது. ஹிப்போகேம்பஸின் பெரும்பகுதி, முன்னிருந்து பின்னாக எட்டு சென்டிமீட்டர் வரை அகற்றப்பட்டது என்பது ஸ்கோவிலின் கணிப்பு. ஏறத்தாழ நாற்பது ஆண்டுக் காலப் பாடநூல்கள் அதையே வழிமொழிந்தன. 1992, 1993 ஆண்டுகளில் எடுத்து 1997இல் வெளியிட்ட எம்.ஆர்.ஐ. படங்களின்படி அகற்றப்பட்டது ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டரே. பின்புறத்தில் ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் சுருங்கிய நிலையில் எஞ்சியிருந்தது. ஆனால் அதற்குச் செய்திகளைக் கொண்டுசேர்க்கும் வாயில் பகுதி பெரும்பாலும் போய்விட்டிருந்தது. கதவு இல்லாத அறையால் யாருக்கு என்ன பயன்?

அவர் இறந்தபின் 2009 டிசம்பரில் சான் டியாகோவில் அவரது மூளை 2401 மெல்லிய சீவல்களாக வெட்டப்பட்டது. அந்நிகழ்வு இணையத்தில் நேரடியாகக் காட்டப்பட்டது. அறிவியலின் நோக்கில் அது பெரும் பணி. எனினும் இங்கு நம் மனம் ஒரு கணம் நிற்கிறது. அறுவைக்குப்பின் ஐம்பத்தைந்து ஆண்டுகள் நூற்றுக்கணக்கான சோதனைகளுக்கு முகம் சுளிக்காமல் உடன்பட்ட மனிதர் அவர். ஒவ்வொரு சோதனையும் அவருக்கு முதல் சோதனையே. நேற்று உடன்பட்டதை இன்று நினைவிற்கொள்ளாத ஒருவரின் உடன்பாட்டுக்கு என்ன பொருள்? நீதிமன்றம் 1992இல் அவருக்கென ஒரு காப்பாளரை அமர்த்தியது. அப்போது ஆய்வுகள் தொடங்கி ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. கேள்வி இன்றும் தீர்ந்தபாடில்லை.

நம்மிடையே

மேலைநாட்டு வரலாறு என்று இதனை ஒதுக்கிவிட நமக்கு உரிமையில்லை. திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் 1995 முதல் வலிப்பு அறுவையை ஒரு திட்டமாகவே நடத்தி வருகிறது. எம்.ஆர்.ஐ. கருவிகள் நம் மாவட்டத் தலைநகரங்கள் வரை வந்துவிட்டன. அதே தெருக்களில், வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கும் வழக்கமும் தொடர்கிறது. இரும்புக்கும் வலிப்புக்கும் தொடர்பில்லை. பெரும்பாலான வலிப்பு சில நிமிடங்களில் தானே அடங்குவதால், அடக்கிய புகழ் இரும்புக்குப் போய்ச் சேர்கிறது. செய்ய வேண்டியது, அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கு மெத்தென ஒன்றை வைத்து, வாயில் எதையும் திணிக்காமல் அருகிருப்பதே. ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

சட்டமும் நெடுநாள் சாவிக்கொத்தின் நிலையிலேயே இருந்தது. அடிக்கடி வலிப்பு வருபவர் திருமணத்துக்குத் தகுதியற்றவர் என்ற விதி இந்துத் திருமணச் சட்டத்தில் இருந்தது. 1999ஆம் ஆண்டுத் திருத்தமே வலிப்பு என்னும் சொல்லை அதிலிருந்து நீக்கியது. வீடுகளில் நோயை மறைக்கும் வழக்கம் அந்தச் சொல்லோடு போய்விடவில்லை. மறைக்கப்படும் நோய்க்கு ஒழுங்கான மருந்து இல்லை, படம் இல்லை, அறுவைக்கான ஆலோசனையும் இல்லை.

கற்பிக்கும் தொழிலில் இருக்கும் நமக்கு இதில் தனியொரு கடன் உண்டு. நேற்று நடத்திய பாடம் நினைவில்லை என்று சொல்லும் மாணவரை அலட்சியக்காரர் என்று முத்திரை குத்துவது நம் வகுப்பறைகளில் எளிதாக நிகழ்கிறது. வலிப்பு நோயுள்ள மாணவருக்கு மறதி பல வழிகளில் வரும்: வலிப்பு எழும் இடத்திலேயே நினைவு பதியும் இடமும் இருப்பதால், இரவில் எவரும் அறியாமல் வந்துபோகும் வலிப்பால், சில மருந்துகளால், ஓயாத அச்சத்தால். வகுப்பில் சில வினாடிகள் வெறித்த பார்வையுடன் உதட்டை அசைத்துக்கொண்டிருப்பவர் பாடத்தைக் கவனிக்காதவராகத் தோன்றலாம். அவர் ஜாக்சன் சொன்ன கனவு நிலையில் இருப்பவராகவும் இருக்கலாம். மீண்டும் ஒருமுறை சொல்வதும், எழுதிக் கொடுப்பதும், மருத்துவரிடம் போகுமாறு பெற்றோரிடம் தனியே எடுத்துரைப்பதும் நமக்குப் பெரிய செலவில்லை.

அபஸ்மாரம் என்று பெயரிட்டவர்கள் நினைவு போவதைக் கண்டார்கள். அது போகும் இடத்தைக் காட்டியவர்கள் பி.பி.யும் எஃப்.சி.யும் மொலேசனும். தாம் காட்டியதை அறிய மொலேசனுக்கு வாய்க்கவில்லை. தம்மிடமிருந்து அறிந்தவை பிறருக்கு உதவும் என்பதை மட்டும் அவர் பலமுறை சொல்லியிருக்கிறார், ஒவ்வொரு முறையும் முதல்முறை சொல்வது போல. இனி அறுவைக்கு முன் ஒருவர் எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுத்துச் சொற்களையும் முகங்களையும் மனத்தில் இருத்த முயலும்போதெல்லாம், அவர் சொன்னது உண்மையாகிக்கொண்டிருக்கிறது.